இரண்டடி வயரும் திறக்காத சாப்பாட்டு டப்பாக்களும்

கவின், மித்ரா, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மைசூரிலிருந்து வந்த அன்று நீங்கள் கேட்ட எதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அரண்மனை பார்த்தீர்களா என்று மித்ரா கேட்டாள். பார்க்கவில்லை. மறுநாளே வருவதாகச் சொல்லிவிட்டு ஏன் சனிக்கிழமை வந்தீர்கள் என்று கவின் கேட்டான். வேலை இழுத்துவிட்டது என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. அதனால் நோட்டில் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் மித்ரா திருத்திக்கொள்ளட்டும்.

அப்பாவின் வேலை உங்களுக்குத் தெரியும். கரண்டில் எரியும் அடுப்புகளுக்குக் காயில், அதாவது சூடேறும் கம்பிச் சுருள், மாற்றுவது, வயரிங் பார்ப்பது. நம் கோயமுத்தூரில் அந்த அடுப்புகளில் இரும்புச் சாமான்களைப் பதப்படுத்துவார்கள். இந்தத் தடவை மைசூரில் ஒரு பீங்கான் கலைஞரின் சூளையைச் சரிபார்க்க முதலாளி என்னைத் தனியாக அனுப்பினார். பீங்கான் சூளையில் நான் கை வைப்பது அதுதான் முதல் தடவை. அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை பேருந்து நடுக்காட்டில் பஞ்சராகி நின்றது. “யாரும் கீழ எறங்காதீங்க, ஆனை வரும்” என்று கண்டக்டர் கத்தினார். பக்கத்து சீட்டுக்காரர், “டயர் மாத்தறவனுக்கு மட்டும் ஆனை சலாம் போட்டுட்டுப் போகுமாக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் சேர வேண்டியவன் மாலை நாலரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

கலைஞர் பெயர் வசுமதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மைசூரிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா திருச்சிப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு அங்கே போனவர். வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டகைதான் பட்டறை. அவர் கையில் முழங்கை வரைக்கும் மண் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“வாங்க அண்ணா. ஸ்வல்ப தண்ணி குடிங்க. அப்புறம் என் பேஷண்ட்டைப் பாருங்க” என்று சூளையைக் காட்டினார்.

என் தோள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே வெள்ளைச் செங்கல். இரண்டு காயில் அறுந்திருந்தன. மாற்றிவிட்டேன். வெப்பம் அளக்கும் வயரை எலி கடித்திருந்தது. இந்த வயரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சூளைக்குள் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எத்தனை சூடு என்பதை அது வயர் வழியாக வெளியே இருக்கும் மீட்டருக்குச் சொல்லும். சாதாரணச் செம்பு வயர் அதற்கு ஆகாது. அதற்கென்றே தனி உலோகத்தில் வயர் வரும். என்னிடம் இருந்தது இரண்டடி குறைந்தது.

வாங்க வேண்டுமென்றால் மைசூரின் இன்னொரு கோடியில் இருக்கும் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும். போவதற்குள் கடை சாத்திவிடுவார்கள். அப்படியென்றால் மறுநாள் சூளை போட முடியாது. ஆனால் நான் வந்ததுமே வசுமதி சொல்லியிருந்தார்: “சனிக்கிழமை சாயந்தரம் பெங்களூரு கேலரியிலருந்து வண்டி வருது அண்ணா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் போட்டாத்தான் சனிக்கிழமை திறக்க முடியும். ஒரு நாள் போச்சுன்னா எல்லாம் போச்சு.”

நம் ஊர் அடுப்புகளில் வயர் குறைந்தால் அடுப்பை ஒட்டி இரண்டடி சாதா வயரைச் சேர்த்து டேப் சுற்றிவிடுவோம். இரும்பு அடுப்பில் இதுவரை யாரும் கேட்டதில்லை. அதையே இங்கேயும் செய்தேன். டேப்பை மட்டும் ரொம்ப நேர்த்தியாகச் சுற்றினேன்.

“ஆயித்தா அண்ணா?”

“ஆச்சுங்க” என்றேன்.

அன்று ராத்திரி ஓட்டலில் சாம்பார் இனித்தது. வெல்லம் போடுவார்களாம். நம் வீட்டில் போட்டால் மித்ரா தட்டை நகர்த்திவிடுவாள். எனக்கும் இறங்கவில்லை. சாம்பார் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை விடியற்காலை சூளைக்குள் அடுக்குவதற்கு நானும் உதவினேன். அப்போதுதான் அவர் செய்த பொருள்களைப் பார்த்தேன். பூச்சாடி, சாமி சிலை என்று எதையோ நினைத்துப் போனவன் நான். அங்கே இருந்தவை சாப்பாட்டு டப்பாக்கள். முப்பத்தாறு மண் டப்பா. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்றில் மூடி கோணலாக இருந்தது, ஒன்றில் ஓரம் நசுங்கியிருந்தது, ஒன்றில் ரப்பர் பேண்ட் போட்ட தடம்கூட இருந்தது. ஒன்றைத் திறக்கப் பார்த்தேன்.

“திறக்காது அண்ணா. மூடி ஒட்டினதுதான்.”

“திறக்காத டப்பாவை வச்சு என்னங்க பண்றது?”

“இதையேதான் எங்கம்மாவும் கேக்கறாங்க” என்று சிரித்தார்.

வசுமதி பதினோரு வருஷம் ஹெப்பாளில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. சாயந்தரம் பொழுதுபோக்காக மண் பிசையப் போனவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டார். “அம்மா ரெண்டு வருஷம் சொந்தக்காரங்க கிட்ட நான் லீவுல இருக்கேன்னு சொல்லிட்டு இருந்தாங்க. அவ்ளோ பெரிய லீவு எந்தக் கம்பெனில குடுப்பாங்க?” இப்போது காபிக் கடைகளுக்குக் கோப்பை செய்து தருகிறார், ஒரு பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று நாள் சொல்லித்தருகிறார். “கோப்பை வயித்துக்கு. டப்பா எனக்கு.”

டப்பா எப்படி வந்ததென்றால், ஒரு வருஷமாகக் காலையில் பஸ் ஸ்டாப்புகளுக்குப் போய் நின்றிருக்கிறார். ஹெப்பாளுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம், பஸ் வரும்வரை உங்கள் டப்பாவைக் கொஞ்சம் கையில் கொடுங்கள் என்று கேட்டு வாங்குவார். எடை எவ்வளவு, எங்கே நசுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் மூடி இடிக்கிறது என்று பார்த்து வரைந்துகொள்வார். உள்ளே என்ன என்றும் கேட்பார். அதை மண் டப்பாவின் அடியில் கன்னடத்தில் எழுதிவைப்பார். சித்ரான்னம். முத்தே என்கிற ராகிக் களி உருண்டையும் கீரைச் சாறும். நேற்றைய சப்பாத்தி. கண்காட்சியில் டப்பாவை வைத்தால் எழுத்து அடியில் போய்விடும், யாருக்கும் தெரியாது.

“கையில குடுத்தாங்க அண்ணா. முன்னப் பின்னத் தெரியாதவ கிட்ட. அதுதான் எனக்குப் பெருசு” என்றார்.

நான் டேப் சுற்றிய இடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுக்கி முடித்ததும் சூளையில் இருந்த சின்னத் துளைக்கு நேராக மூன்று மண் கூம்புகளை வரிசையாக நிறுத்தினார். கோன் என்பார்கள். விரல் நீளம்கூட இராது. வேண்டிய சூடு கிட்டத்தில் வந்ததும் முதல் கோன் தலை குனியும். சரியான சூட்டில் இரண்டாவது குனியும், சூளையை நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது குனிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

“அதான் மீட்டர் இருக்குதுங்களே?”

“மீட்டர் வெளியில நிக்கறது. கோன் உள்ள நிக்கறது.”

ஆறு மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மீட்டர் சரியாக ஏறியது. எனக்கு உயிர் வந்தது. பக்கத்துக் கடையில் செட் தோசை சாப்பிட்டேன். அங்கே இரண்டு பேர் ஒரு காபியை வாங்கி இரண்டு டம்ளரில் பங்கு போட்டுக் குடிக்கிறார்கள். ‘பை டூ’ என்று சொன்னால் போதும், கடைக்காரரே பிரித்துக் கொடுத்துவிடுகிறார். நம் ஊரில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

பத்து மணிக்கு என் டேப் சுற்றிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. பன்னிரண்டு மணிக்குத் தொட்டேன், சூடு. மூன்று மணிக்கு விரலை வைக்க முடியவில்லை. எனக்குத் தெரியும், பிள்ளைகளே. அந்த இணைப்பு சூடாக ஆக மீட்டர் உள்ளே இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். எவ்வளவு குறைவு என்றுதான் தெரியாது. பத்தாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் இருபது என்று சொல்லிக்கொண்டேன். வசுமதி அவர் பாட்டுக்கு ஒரு கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

நாலே முக்காலுக்கு மீட்டர் 1150 காட்டியது. 1220 போக வேண்டும். வசுமதி கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துளை வழியாகப் பார்த்தார். தலையை எடுத்தார். மறுபடியும் பார்த்தார்.

“அண்ணா, முதல் கோன் படுத்துடுச்சே. இன்னும் எழுபது டிகிரி இருக்கே?”

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. “கோன் பழசுங்களா? ஈரம் கோத்திருக்குமுங்க.”

“ஹௌதா, அப்படியா? போன மாசம் வாங்கினதுதானே” என்றார். மீட்டர் தப்பாகக் காட்டாது என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் என்னை நம்பி இன்னும் கொஞ்ச நேரம் விட்டார். இருபது நிமிடம். கூரைத் தகரத்தில் அணில் ஓடும் சத்தம்கூட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் மறுபடியும் குனிந்து பார்த்து, “ரெண்டாவதும் போச்சு. மூணாவது மூக்கு வளையுது” என்றபோது எனக்கு வேர்த்து ஒழுகியது.

“நிறுத்திப்போடுங்க. மீட்டர்தானுங்க தப்பு. வயர் ரெண்டடி பத்தல. நான் சாதா வயரப் போட்டுட்டேனுங்க.”

அவர் சுவிட்சை இறக்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“நேத்தே தெரியுமுங்க.”

“அப்ப கோன் ஈரம்னு சொன்னது?”

அவர் குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவினார். திரும்பி வந்து, “நீங்க ஊருக்குப் போங்க அண்ணா. சனிக்கிழமை நானே திறந்துக்கறேன்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“இல்லீங்க. திறக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேனுங்க” என்றேன். கவின், நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். முதலாளி போனில், “ஏப்பா, அங்கயே குடித்தனம் பண்றயா?” என்று சத்தம் போட்டார். லீவில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

சூளையை உடனே திறக்க முடியாது. உள்ளே ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. வசுமதி தொழிலுக்கு வந்த புதிதில் ஆசை தாங்காமல் சீக்கிரம் திறந்துவிட்டாராம். வெளிக்காற்று பட்டதும் பதினெட்டுக் கிண்ணமும் கண் முன்னால் ஒவ்வொன்றாக டிங், டிங் என்று விரிசல் விட்டனவாம். அதிலிருந்து சூளையை அணைத்ததும் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை முழுதும் காத்திருப்பு. லாட்ஜில் சும்மா உட்கார முடியவில்லை. சரியான வயரையாவது வாங்கி வைப்போம் என்று ஹெப்பாளுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் நம்பர்கூடக் கன்னடத்தில் எழுதியிருந்தது. கூட்டம் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். வெகுநேரம் கழித்து ஜன்னலில் ஆறு தெரிந்தது, கோபுரம் தெரிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம்.

ஹெப்பாள் எங்கே என்று கேட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் என்னவோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தமிழில் சொன்னார்: “ஹெப்பாளுக்குப் போறவரு சாமி கும்பிட வந்துட்டாரு, வேலை போயிடுச்சோ என்னமோங்கறான்.” அது நம் காவிரிதான். நம் பக்கம் பாலத்திலிருந்து பார்க்கும்போது எத்தனை அகலம்! அங்கே பாறைகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது. ரசிக்கிற மனநிலை இல்லை. எதிர்ப் பக்கம் போய் நின்று வந்த வழியே திரும்பினேன்.

மறுபடியும் விசாரித்து விசாரித்து ஹெப்பாள் போய், வயர் வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தபோது ஷிப்ட் விடும் நேரம். ரோடு நிறையக் கம்பெனி பஸ்கள். கேட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லார் கையிலும் டப்பா இருந்தது. பையில் வைத்தது, கையில் தொங்கவிட்டது, கக்கத்தில் இடுக்கியது. காலி டப்பாவுக்குள் ஸ்பூன் ஆடும் சத்தம் கேட்டது. ஒரு அம்மாவின் டப்பாவில் ஓரம் நசுங்கியிருந்தது. நான் அதையே வெறித்துப் பார்த்ததால் அவர் முந்தானையால் மூடிக்கொண்டார்.

இதுவரை எனக்கு அவை முப்பத்தாறு மண் பொருள்கள். அங்கே நின்றபோதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது கொட்டகையில் இன்னொருவரும் இருந்தார். லட்சுமம்மா. ஹெப்பாள் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவர். அன்று மதிய ஷிப்ட். தன் டப்பா மண்ணில் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். கன்னடம்தான் பேசினார். வசுமதி எனக்குத் தமிழில் சொன்னார்.

சூளையைத் திறந்தோம். கீழ் அடுக்கில் பன்னிரண்டும் நன்றாக இருந்தன. வசுமதி ஒவ்வொன்றையும் எடுத்து நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். நடு அடுக்கும் தப்பித்தது. மேல் அடுக்கில்தான் சூடு ஜாஸ்தி. அதில் ஐந்து டப்பாக்களின் மெருகுப் பூச்சு உருகி ஒழுகிச் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு டப்பாக்கள் கொப்புளம் விட்டு, மேல்பக்கம் உள்வாங்கிப் படுத்திருந்தன. வசுமதி ஒட்டியதை உளியால் தட்டிப் பார்த்தார். அடிப்பாகம் பெயர்ந்து எழுத்தோடு பலகையில் தங்கிவிட்டது.

லட்சுமம்மா, “என்னோடது எங்க?” என்று கேட்டார்.

வசுமதி படுத்துக்கிடந்த ஒன்றைக் காட்டினார். லட்சுமம்மா முகம் சுருங்கிப்போனது. அத்தனை டப்பாவில் தன்னுடையதா போக வேண்டும் என்று கேட்டார். வசுமதி பதில் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். “என்னாலதானுங்க. நான் வயரத் தப்பாப் போட்டேன். தெரிஞ்சும் சொல்லலைங்க.” வசுமதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அப்படியே கன்னடத்தில் சொன்னார்.

லட்சுமம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பதினாறு வருஷமா பஸ்ல நசுங்கியும் ஒன்னும் ஆகாத டப்பா. இந்த மனுஷன் கண்ணு பட்டதும் செத்துப்போச்சு பாரு. இவரு சம்சாரம் எப்படித்தான் இவரு கையில பாத்திரத்தைக் குடுக்குதோ!”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சமாளிக்க நினைத்து, “வளைஞ்சது கூட ஒரு அழகாத்தானுங்க இருக்குது” என்றேன்.

வசுமதிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. வளையணும்னா நானே வளைச்சிருப்பேன். இது அழகு இல்ல, தப்பு. தப்புன்னே இருக்கட்டும்.”

பிறகு லட்சுமம்மா பையிலிருந்து தன் டப்பாவை எடுத்து மேசை மேல் நங்கென்று வைத்தார். “திருப்பி அளந்துக்கோ. பன்னெண்டு மணிக்குள்ள குடுத்துடணும், எனக்கு ஷிப்ட் இருக்கு. இன்னைக்கு அவரைக்காய் உப்புமா. அதையும் எழுதிக்கோ.” வசுமதி காகிதத்தை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். சாயந்தரம் வரும் வண்டியில் இருபத்தொன்பது டப்பாக்கள்தான் போகும்.

நான் டேப்பை அறுத்துப் பழைய வயரை முழுதும் எடுத்துவிட்டுப் புது வயரை ஒரே துண்டாகப் போட்டேன். வசுமதி வந்து குனிந்து, குச்சியிலிருந்து மீட்டர் வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார். இனி யார் வந்து முடித்தாலும் அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று தோன்றியது. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது நான்தான்.

கிளம்பும்போது மதியத்துக்கு ஒரு பொட்டலத்தில் புளியோதரை கட்டிக் கொடுத்தார். வாங்கவே கை கூசியது. வாசலில் வைத்துக் கேட்டார்: “இந்த மாதிரி வேற எங்கயாவது போட்டிருக்கீங்களா அண்ணா?”

“இல்லீங்க” என்றேன். கேட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் சரி என்று தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் வழி நெடுக அந்த ‘இல்லீங்க’தான் கூட வந்தது. வீட்டுக்கு வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் கேள்வி கேட்டீர்கள். உங்களிடமும் மழுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் கூட்டம் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அன்று கறிக்கடைக்கு நான் போனது கடைசியில்தான். முதலில் கணபதி ஏரியாவில் பம்பு சாமான்களைப் பதப்படுத்தும் ஒரு பட்டறைக்குப் போனேன். வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும். கதவைத் திறந்துவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். உள்ளே நான் மட்டும்தான். மெயினை இறக்கி அடுப்பின் பின்மூடியைக் கழற்றினேன். போன வருஷம் சுற்றிய டேப், பிரியாமல், நேர்த்தியாக அப்படியே இருந்தது. அறுத்து எடுத்தேன். புது வயரைப் போட்டு முறுக்கினேன்.

பிறகு சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில், ‘இன்று வரை இந்த மீட்டர் சூட்டைக் குறைத்துக் காட்டியது. தப்பு என்னுடையது. முருகேசன்’ என்று எழுதிக் கதவைச் சாத்தினேன். வெளியே போகத் திரும்பியவன் நின்றேன். கதவைத் திறந்து, எழுதியதை எச்சில் தொட்டுத் துடைத்தேன். சாத்திவிட்டு, அதையே வெளிப்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்.